ஓடுபாதைக்கு அருகே வீடு: அளக்கப்படும் உயரமும் அளக்கப்படாத இரைச்சலும்

சென்னையின் தெற்குப் புறநகரில் குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், திருநீர்மலை, சேலையூர் போன்ற பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு அனுமதி கோருபவர், மண்ணின் தாங்குதிறன், சாலையின் அகலம், மழைநீர் வடிகால் ஆகியவற்றோடு வானத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எழும்பப்போகும் கட்டடத்தின் உச்சி விமானத்தின் வழியில் குறுக்கிடுமா என்பதே அக்கேள்வி. அதற்கென்று சட்டமும் விதிகளும் வண்ணமிட்ட வரைபடமும் தனி அலுவலகமும் இருக்கின்றன. அதே விமானம் அந்த வீட்டின் மேலாகப் பறக்கும்போது உள்ளே உறங்குபவருக்கும் படிக்கும் குழந்தைக்கும் என்ன நேரும் என்பதை மட்டும், அனுமதி வழங்கும் நடைமுறையின் எந்தப் படியிலும் எவரும் கேட்பதில்லை.

குரோம்பேட்டையின் நிலை இதில் சற்றுத் தனியானது. அதன் வடக்கே மீனம்பாக்கம், திரிசூலம் பகுதிகளில் பரந்து கிடக்கும் சென்னை சர்வதேச விமான நிலையம். தெற்கே தாம்பரம் விமானப்படை நிலையம். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில், ஜிஎஸ்டி சாலையையும் புறநகர் ரயில் பாதையையும் பற்றிக்கொண்டு இந்தப் புறநகர் வளர்ந்திருக்கிறது. 1949-இல் சி. ராஜம் நிறுவிய எம்ஐடி கல்லூரி இங்கேதான் தொடக்கம் முதலே விமானப் பொறியியலைக் கற்பித்து வருகிறது என்பதும், அப்துல் கலாம் அப்படிப்பை முடித்து வெளியேறியது இந்த வளாகத்திலிருந்துதான் என்பதும் பலரும் அறிந்தவை. விமானத்தைப் பற்றி இவ்வளவு படித்த ஊர் விமான இரைச்சலைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுவது வியப்புக்குரியதே.

சென்னை விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்கின்றன. ஏறத்தாழ 3,650 மீட்டர் நீளமுள்ள முதன்மை ஓடுபாதை மேற்கு-தென்மேற்கிலிருந்து கிழக்கு-வடகிழக்காகக் கிடக்கிறது. அதன் மேற்கு முனை பொழிச்சலூர், பம்மல் பக்கமும், கிழக்கு முனை பரங்கிமலை, ஆலந்தூர் பக்கமும் நோக்குகின்றன. அடையாற்றின் மேல் பாலம் அமைத்து நீட்டிக்கப்பட்ட இரண்டாம் ஓடுபாதையின் வடமேற்கு முனை கொளப்பாக்கம், மணப்பாக்கம் பகுதிகளையும், தென்கிழக்கு முனை திரிசூலம், பல்லாவரம் மலைகளின் பக்கத்தையும் பார்த்திருக்கிறது. பெரும்பாலான விமானங்களைத் தாங்குவது முதன்மை ஓடுபாதையே என்பதால், அதன் மேற்கு நீட்சிக்கோட்டின் கீழ் அமைந்த பம்மல், நாகல்கேணி, திருநீர்மலை வட்டாரமே தெற்குப் புறநகரில் விமான ஓசையின் முதல் வாரிசு. குரோம்பேட்டையின் மையப்பகுதி அக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே விலகியிருப்பதால் அதற்கு நேரடித் தாக்கம் குறைவு. ஆனால் அதன் மேற்குப் பகுதியில் நிலைமை அப்படி இல்லை.

விமானங்கள் எப்போதும் எதிர்காற்றை நோக்கியே ஏறவும் இறங்கவும் விரும்புகின்றன. ஆகவே எந்தத் தெருவின் மேல் எப்போது விமானம் வரும் என்பதைக் காற்றே பெரிதும் தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும், கோடையில் பிற்பகலுக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும் நேரங்களிலும், விமானங்கள் பொதுவாக மேற்கிலிருந்து, அதாவது திருநீர்மலை, பம்மல் வழியாக இறங்கிக் கிழக்கு நோக்கி ஏறிச் செல்கின்றன. தென்மேற்குக் காற்று வலுத்திருக்கும் ஆனி, ஆடி மாதங்களிலோ திசை புரண்டு, நகரத்தின் மேலாக வந்து கிழக்கு முனையில் இறங்கி, மேற்கு முனை வழியாகவே மேலேறுகின்றன. இறங்கும் விமானம் இயந்திரத்தின் விசையைக் குறைத்துக்கொண்டு தாழ்வாக வருவது. ஏறும் விமானம் முழு விசையோடு உறுமிக்கொண்டு விரைவில் உயர்வது. இரண்டின் ஓசையும் தன்மையிலும் அளவிலும் வேறுபட்டவை. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மனை பார்க்கச் சென்றவர் கேட்ட ஓசையும், ஆடி மாதத்து நள்ளிரவில் அதே மனையில் கட்டிய வீட்டில் அவர் கேட்கப்போகும் ஓசையும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை வீடு விற்பவர் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

இறங்கும் விமானம் எவ்வளவு தாழ்வாக வருகிறது என்பதைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். உலகெங்கும் பெரும்பாலான ஓடுபாதைகளுக்கு விமானங்கள் 3 பாகைச் சரிவில் இறங்குகின்றன. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 52 மீட்டர் உயரம் இழக்கின்றன. ஓடுபாதையின் தொடக்க முனையை ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்தில் கடக்கும் விமானம், அதற்கு 3 கி.மீ. முன்னால் சுமார் 170 மீட்டரிலும், 5 கி.மீ. முன்னால் சுமார் 275 மீட்டரிலும் இருக்கும். இந்த 3 கி.மீ. தொலைவு பம்மலையொட்டி விழுகிறது. அந்த உயரத்தில் ஏ320 வகை விமானம் ஒன்று கடந்து செல்லும்போது கீழே நின்று பேசும் இருவர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பது இயல்பான வழக்கம்.

கட்டடங்களின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இந்த வடிவியலிலிருந்தே பிறந்தது. விமான நிலையத்தைச் சுற்றி 20 கி.மீ. ஆரத்துக்குள் கட்டடங்களையும் மரங்களையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் மத்திய அரசுக்கு அளித்தது. 2025 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் 2024-ஆம் ஆண்டின் பாரதீய வாயுயான் அதிநியம் என்ற புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தின் கீழ் 2015-இல் வெளியான உயரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, விமான நிலையத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பல பரப்புகள் வானத்தில் விரிக்கப்பட்டிருப்பதாகக் கருதப்படுகிறது. இவற்றுக்குத் தடை வரம்புப் பரப்புகள் என்று பெயர். ஓடுபாதையின் முனையிலிருந்து வெளியே செல்லும் அணுகுபரப்பு முதல் 3 கி.மீ.க்கு ஒவ்வொரு 50 மீட்டருக்கும் 1 மீட்டர் என்ற அளவில் மெல்ல உயர்கிறது. நிலையத்தைச் சுற்றி 4 கி.மீ. ஆரத்துக்கு 45 மீட்டர் உயரத்தில் ஒரு கிடைப்பரப்பு நிற்கிறது. அதன் விளிம்பிலிருந்து கூம்பு வடிவில் மற்றொன்று மேலும் உயர்ந்து செல்கிறது. இப்பரப்புகளைத் துளைத்துக்கொண்டு எந்தக் கட்டடமும் எழக்கூடாது.

வீடு கட்டுபவரைக் குழப்புவது இங்கே பயன்படும் அளவுமுறை. அனுமதிக்கப்படும் உயரம் தரையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. சென்னை விமான நிலையம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 16 மீட்டர் மேலே இருப்பதால், 45 மீட்டர்ப் பரப்பு கடல் மட்டக் கணக்கில் 61 மீட்டர் ஆகிறது. ஒரு மனையின் தரையே கடல் மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருந்தால், அங்கே எழும்பக்கூடிய கட்டடத்தின் மொத்த உயரம் 36 மீட்டர்தான். மனை அமைந்த நிலம் மேடானால் கட்டடம் குட்டையாக வேண்டும். பச்சைமலையும் பல்லாவரம் மலையும் திரிசூலம் மலையும் நிற்கும் இவ்வட்டாரத்தில், அடுத்தடுத்த தெருக்களில்கூட விடை வேறுபடுவதன் காரணம் இதுவே. அனுமதிக்கப்பட்ட உயரம் என்பது மேல்தளத்தின் கூரையோடு முடிவதுமில்லை. மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி, மின்தூக்கி இயந்திர அறை, அலைவாங்கிக் கம்பம் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

இதை எளிதாக்க, இந்திய விமான நிலையங்கள் ஆணையம் வண்ணப்பகுப்பு வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு வண்ணக் கட்டத்துக்கும் ஓர் உயரம் குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் அடங்கும் கட்டடத்துக்கு உள்ளாட்சி அமைப்போ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ நேரடியாக அனுமதி வழங்கலாம். அதைத் தாண்டினாலும், மனை சிவப்பு வண்ணப் பகுதியில் விழுந்தாலும், ஆணையத்திடம் இணையவழி விண்ணப்பித்துத் தடையின்மைச் சான்று பெற்றாக வேண்டும். மக்கள் வழக்கில் இது ஏர்போர்ட் என்ஓசி. குரோம்பேட்டை 2021 நவம்பர் 3 வரை பல்லாவரம் நகராட்சியில் இருந்தது; அன்று ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானபின், வரைபட அனுமதிக்கான முதல் வாசல் அம்மாநகராட்சி என்றும், பெரிய கட்டடங்களுக்கு வளர்ச்சிக் குழுமம் என்றும் பொறுப்பு பிரிந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டவற்றை உயர்மாடிக் கட்டடங்கள் என்று வகுக்கின்றன. ஜிஎஸ்டி சாலையின் இருமருங்கிலும் இப்போது எழும் குடியிருப்புகள் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

பறத்தலின் பாதுகாப்பைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டைக் குறைகூற இடமில்லை. குறை, அரசின் பார்வை அதோடு நின்றுவிடுவதில்தான் வருகிறது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏறிய சில விநாடிகளில் ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தபின், விபத்தின் காரணம் விமானத்துக்குள் தேடப்பட்டபோதிலும், ஒரு வாரத்துக்குள் மத்திய அரசு வெளியிட்டது விமான நிலையங்களைச் சுற்றியுள்ள தடைக் கட்டடங்களை அகற்றுவதற்கான வரைவு விதிகளையே. கட்டடம் என்றால் உயரம், உயரம் என்றால் தடை என்ற ஒரே தடத்தில் அரசின் சிந்தனை ஓடிப் பழகியிருக்கிறது.

அப்படியானால் இந்தக் காகிதங்களில் இரைச்சல் என்ற சொல்லே இல்லையா என்றால், இருக்கிறது. தடையின்மைச் சான்றோடு இணைந்த நிபந்தனைகளில் ஒன்று, விமான நிலையத்திலோ அதன் அருகிலோ நடக்கும் விமான இயக்கங்களால் உண்டாகும் இரைச்சல், அதிர்வு, சேதம் முதலியவற்றுக்காக விண்ணப்பதாரர் புகார் செய்யவோ இழப்பீடு கோரவோ கூடாது என்கிறது. இந்த நிபந்தனையை நிறுத்தி வாசிக்க வேண்டும். இரைச்சல் உண்டு என்பதை அரசு அறிந்திருக்கிறது. அது எவ்வளவு என்று அது சொல்வதில்லை. அதைக் குறைக்கக் கட்டடத்தில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்வதில்லை. முறையிடாதே என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்கிறது. அந்த எழுத்தைக் கொடுப்பவர் கட்டுநர். அவர் அடுத்த திட்டத்துக்குப் போய்விடுவார். அந்த வீட்டில் இருபதாண்டு வங்கிக் கடனோடு குடியிருக்கப்போகிறவர் அக்காகிதத்தைப் பார்த்திருப்பாரா என்பதே ஐயம். விற்பனைப் பத்திரத்தோடு கைமாறும் கோப்பில் அது இருந்தாலும், வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் தேடும் கண் அந்த வரியில் நிற்பதில்லை.

நீதிமன்றத்தின் வழியும் அகலமானதன்று. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, காற்று, வானிலை முதலிய சூழ்நிலைகளைக் கருதி நியாயமான உயரத்தில் ஒரு விமானம் ஒருவருடைய சொத்தின் மேலாகப் பறந்தது என்ற ஒரே காரணத்துக்காக அத்துமீறல் என்றோ தொல்லை என்றோ உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என்று விதித்தது. நிலத்தின் உரிமையாளருக்கு அதன் மேலுள்ள வானமும் சொந்தம் என்ற பழைய கோட்பாடு விமான யுகத்தில் நிற்க முடியாது என்பதை உலகின் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டவைதான். எனினும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-இல் காஸ்பி என்ற கோழிப்பண்ணை உரிமையாளரின் வழக்கில், வானம் பொதுவழி என்று ஏற்றுக்கொண்டே, ராணுவ விமானங்கள் மிகத் தாழ்வாகவும் அடிக்கடியும் பறந்து நிலத்தின் பயன்பாட்டையே கெடுத்தபோது அது அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒப்பானது, ஆகவே இழப்பீடு உரியது என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் இவ்வகை வாதம் வேரூன்றவில்லை. தில்லியில் 2008-இல் புதிய ஓடுபாதை திறக்கப்பட்டபின் வசந்த் குஞ்ச், பிஜ்வாசன் குடியிருப்பாளர்கள் முறையீடுகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை கொண்டுசென்றார்கள். அங்கே எழுந்த வாதங்கள் இழப்பீட்டைவிட இரைச்சலின் வரம்பையும் இரவுநேர நடைமுறைகளையும் சுற்றியே பெரிதும் அமைந்தன.

வரம்பு என்று வரும்போதுதான் குடியிருப்போர் அறியவேண்டிய பெரிய செய்தி தென்படுகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று வரம்பிட்டிருக்கின்றன. கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியும் கட்சிக் கூட்டத்தின் குழாய் ஒலிபெருக்கியும் இரவில் அணைக்கப்படுவது இவ்விதிகளின் பலத்தால். விமான நிலையத்தைச் சுற்றிய ஒலி மண்டலத்துக்கு 2018 ஜூனில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் தனி வரம்பு அறிவித்தது: ஆண்டுக்கு 50,000-க்கு மேல் விமான இயக்கங்கள் உள்ள நிலையங்களுக்குப் பகலில் 70 டெசிபல், இரவில் 65 டெசிபல். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இயக்கங்களைக் கொண்ட சென்னை ஐயத்துக்கு இடமின்றி இந்த வகையில் சேர்கிறது.

இரவு வரம்புகளின் இடையே உள்ள வேறுபாடு 20 டெசிபல். எண்ணாகப் பார்த்தால் சிறிதாகத் தோன்றும் இது உண்மையில் மிகப் பெரியது. டெசிபல் அளவுகோல் மடக்கை முறையில் அமைந்தது, அதாவது ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு அது ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகக் கேட்கிறது. ஆகவே ஒலி மண்டலத்துக்குள் அமைந்த ஒரு தெருவில், மற்றத் தெருக்களுக்கு அனுமதிக்கப்பட்டதைப்போல் நூறு மடங்கு ஒலியாற்றல் நள்ளிரவில் சட்டப்படியே அனுமதிக்கப்படுகிறது. தன் வீடு அந்த மண்டலத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்பது குடியிருப்பவருக்கு எவ்வளவு முக்கியமான செய்தி என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இந்த வரம்புகள் சராசரிகள் என்பது அடுத்த சிக்கல். விதிகள் குறிப்பிடுவது சமான ஒலியளவு. பல மணிநேரம் ஏறியும் இறங்கியும் ஒலித்த ஓசையின் மொத்த ஆற்றலை அந்நேரம் முழுவதும் சீராகப் பரப்பினால் எந்த அளவு வருமோ அது. நான்கு நிமிடத்துக்கு ஒரு விமானம், ஒவ்வொன்றும் 20 விநாடி 80 டெசிபல் ஓசையோடு கடப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், இடைப்பட்ட அமைதியோடு கலந்து சராசரி 69 டெசிபலாகிறது. பகல் வரம்பான 70-க்குள் அடங்கிவிடுகிறது. மணிக்குப் பதினைந்து முறை வகுப்பறையில் ஆசிரியர் வாயை மூடிக் காத்திருக்க நேர்ந்தாலும் காகிதத்தில் மீறல் இல்லை. இரவின் எட்டு மணி நேரத்துக்கு இதே கணக்கைப் போட்டால், அதே ஓசையோடு ஏறத்தாழ 45 விமானங்கள் கடந்தாலும் 65 டெசிபல் வரம்பு மீறப்படுவதில்லை. மனிதர் சராசரி ஓசையால் விழிப்பதில்லை. தனித்த ஒரு விமானத்தின் உச்ச ஓசையால் விழிக்கிறார். சென்னையில் இரவுநேரத் தடையும் இல்லை. வளைகுடா நாடுகளுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்குமான விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் வந்து போகின்றன.

இதனால் உண்டாகும் தீங்கு வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்களில், விமான இரைச்சல் இரவில் 40 டெசிபலுக்கும், பகல்-மாலை-இரவு சேர்ந்த எடைச் சராசரியில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்கவேண்டும் என்று வலுவாகப் பரிந்துரைத்தது. லண்டன், ஆம்ஸ்டர்டாம், மத்ரீத் நகர்களின் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பள்ளிகளில் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வு, விமான ஓசை கூடக் கூடக் குழந்தைகளின் வாசித்தறியும் திறன் பின்தங்குவதைக் கண்டது. ம்யூனிக் நகரில் 1992-இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறக்கப்பட்டபோது ஆய்வாளர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது: பழைய நிலையத்தருகே இருந்த குழந்தைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் தேறின, புதிய நிலையத்தருகே இருந்தவர்களுடையவை குன்றின. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

விமான நிலையம் முதலில் வந்தது, வீடுகள் பின்னால் வந்தன. தெரிந்தே குடியேறியவர் முறையிடலாமா என்ற எதிர்வாதம் எப்போதும் எழும். அதில் பாதி உண்மை உண்டு. மீனம்பாக்கத்தின் வானூர்தித் தளம் இப்புறநகர்களின் பெரும்பாலான குடியிருப்புகளைவிட மூத்தது. ஆனால் நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க விமானங்கள் வந்துபோன காலத்தில் மனை வாங்கியவர்கள், ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் வந்துபோகும் நிலையத்துக்கு ஒப்புதல் தந்ததாகக் கொள்ள முடியாது. ஏ320நியோ போன்ற புதிய விமானங்கள் பழையவற்றைவிடக் கணிசமாக அமைதியானவை என்பதும் உண்மை. எண்ணிக்கை ஏறும் வேகம் அந்த நன்மையைத் தின்றுவிடுகிறது என்பதும் உண்மை. எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்தே குடியேறினார் என்று சொல்லவேண்டுமானால் முதலில் அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

கட்டடத்தின் வழியாக இரைச்சலைக் குறைக்க முடியுமா என்பதற்கு விடை, சென்னையின் வெப்பத்தோடு மோதுகிறது. கான்கிரீட் கூரை ஒலியை நன்றாகவே தடுக்கும். ஓசை நுழைவது சன்னல், கதவிடுக்கு, காற்றுத்துளை வழியாக. மூடிய சன்னல் ஓரளவும் இரட்டைக் கண்ணாடிச் சன்னல் பெருமளவும் தடுக்கின்றன. ஆனால் சன்னலை மூடிய மறுகணமே குளிர்சாதனம் ஓடவேண்டும், மின்கட்டணம் ஏறவேண்டும். நெடுஞ்சாலை ஓசைக்கு உதவும் தடுப்புச்சுவர் தலைக்கு மேலிருந்து வரும் ஓசைக்குப் பயன்படாது. தகரக் கூரையும் கல்நார் ஓடும் போட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்த வழிகளில் ஒன்றுகூட இல்லை. நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் பதனிடும் தொழிலைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் குடியிருப்புகளில் இத்தகைய கூரைகள் அரிதல்ல. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறிமுறையில் ஒலியியலுக்குத் தனிப் பிரிவே உண்டு. அது வழிகாட்டியாக இருக்கிறதேயன்றி, அனுமதிக்கான கட்டாய நிபந்தனையாக மாறவில்லை.

விமானம் வீட்டுக்கு என்ன செய்கிறது என்ற இந்த மறுபக்கக் கேள்வியைப் பிற நாடுகள் எப்படிக் கையாண்டன என்பது கவனிக்கத்தக்கது. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் வருங்கால ஓசையை முன்கணித்துச் சமவொலிக் கோடுகள் வரையப்படுகின்றன. நிலவரைபடத்தில் சமவுயரக் கோடுகள் மலையைக் காட்டுவதுபோல் இவை இரைச்சலின் மேடுபள்ளங்களைக் காட்டுபவை. அந்நாட்டுத் தர அளவையின்படி முன்கணிப்பு எண் 20-க்குக் கீழே வீடு கட்டலாம். 20 முதல் 25 வரை ஒலித்தடுப்பு ஏற்பாடுகளோடு கட்டலாம். 25-க்கு மேல் புதிய வீடு ஏற்றதன்று. கலிபோர்னியாவில் 2004 முதல், விமான நிலையத்தின் தாக்கப் பகுதிக்குள் உள்ள வீட்டை விற்பவர் அதை வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001-இல் ஏற்ற அணுகுமுறையில், விமானத்தையே அமைதியாக்குதல், பறக்கும் முறையை மாற்றுதல், தேவையானால் இயக்கத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றுக்கு இணையாக நிலப்பயன்பாட்டுத் திட்டமிடலும் வைக்கப்பட்டிருக்கிறது. இந்த நான்கு கால்களில் இந்தியாவில் கைவிடப்பட்ட காலாக நிற்பது நிலப்பயன்பாட்டுத் திட்டமிடலே.

தாம்பரம் விமானப்படை நிலையத்தின் நிலை வேறு. பயிற்சி தரும் ஆசிரியர்களையே உருவாக்கும் விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி அங்கே இயங்குகிறது. சிறிய பயிற்சி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம் பகுதிகளின் மேல் வட்டமிடுவது பல தலைமுறைகளாகப் பழகிய காட்சி. அவற்றின் ஓசை பயணிகள் விமானத்தினுடையதைவிடக் குறைவு. ஆனால் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். படைத்தளத்தை ஒட்டிய கட்டுமானங்களை 1903-ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம் கட்டுப்படுத்துவதால் அங்கும் கட்டடத்தின் இருப்பும் உயரமுமே பேசுபொருள்.

செய்யவேண்டியது புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய ஒன்றன்று. பெரிய விமான நிலையங்கள் ஒலி வரைபடம் தயாரிக்கவேண்டும் என்பதை டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் நெறிமுறைகள் ஏற்கெனவே வலியுறுத்துகின்றன. 2008-இல் வெளியான சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ஓடு முடிகிறது. மூன்றாவது திட்டத்துக்கான பணிகளை வளர்ச்சிக் குழுமம் மேற்கொண்டுவருகிறது. அத்திட்டத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தின் மேல் விமான நிலையத்தின் சமவொலிக் கோடுகளைப் பதிப்பதும், அக்கோடுகளுக்குள் பள்ளி, மருத்துவமனை, புதிய குடியிருப்பு ஆகியவற்றுக்கு ஒலித்தடுப்பைக் கட்டாயமாக்குவதும், வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகும் ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் அம்மனை எந்த ஒலிப் பகுதியில் விழுகிறது என்று ஒரு வரி சேர்ப்பதும் உயரக் கட்டுப்பாட்டைவிடக் கடினமானவையல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பரந்தூரில் 2022-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது விமான நிலையத்தைச் சுற்றி மனைப்பிரிவுகள் பெருகுவதற்கு முன்னால் இதைச் செய்தால், மீனம்பாக்கத்தைச் சுற்றி நேர்ந்தது அங்கே திரும்ப நேராது.

அதுவரை வீடு வாங்குபவர் தாமே கேட்க வேண்டும். கட்டுநரிடம் ஏர்போர்ட் என்ஓசியின் முழுப்படியை, நிபந்தனைகளோடு, கேட்டுப் படிக்க வேண்டும். மனையைப் பகலில் ஒருமுறையும் நள்ளிரவுக்குப் பின் ஒருமுறையும், முடிந்தால் காற்று மாறும் இரு பருவங்களிலும் சென்று பார்க்க வேண்டும். சென்னை விமான நிலையத்தை நடத்தும் இந்திய விமான நிலையங்கள் ஆணையம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட பொது அமைப்பு. அதன் ஒலி வரைபடத்தில் தம் தெரு எங்கே விழுகிறது என்று கேட்கப் பத்து ரூபாய்க் கட்டணமும் ஒரு விண்ணப்பமும் போதும், முப்பது நாட்களில் பதில் தரவேண்டியது சட்டப்படி அதன் கடமை.